ஆம்புலன்ஸ் குழுவை வைத்து ஊருக்கே ஊசி போடுவது எப்படி: டர்பன் பக்கத்து ஆட்களுக்கு

கோவில் மண்டபத்தைத் திறந்து கொடுத்தால் போதும், ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து எல்லாருக்கும் ஊசி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று நம் கமிட்டிகளில் இன்னும் பலர் நினைக்கிறார்கள். அப்படி நடக்காது. தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றி சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க், டோங்காட் என்று எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, அடுத்த பெருந்தொற்றில் பாராமெடிக் (ஆம்புலன்ஸில் வரும் அவசர சிகிச்சைப் பணியாளர்) குழுக்களைத் தடுப்பூசி வேலைக்குக் கூப்பிட நினைப்பவர்கள் சில விஷயங்களை இப்போதே பேசி முடித்து வைத்திருக்க வேண்டும். கோவிட் ஊசியை வைத்துத்தான் கீழே எல்லாவற்றையும் சொல்கிறேன். அடுத்த முறை நோயும் மருந்தும் வேறாக இருக்கலாம், வேலை பெரும்பாலும் இதேதான்.

ஆம்புலன்ஸ் குழுவைப் பெரிய மண்டபத்தில் உட்கார வைத்து வரிசையாக ஊசி போட வைப்பது வீண். நடந்து வரக்கூடியவர்களுக்கு நர்ஸ் போதும், மருந்துக்கடை போதும். 2021-ல் கிளிக்ஸ், டிஸ்-கெம் கடைகளிலேயே நம் ஆட்கள் எத்தனையோ பேர் போட்டுக்கொண்டு வந்தார்கள். குழுவின் பலம் வேறு. முன்பின் தெரியாத வீட்டுக்குள் போய் வேலை பார்ப்பது அவர்களுக்குப் பழக்கம். லிஃப்ட் இல்லாத ஃபிளாட்டில் மாடி ஏறுவார்கள், படுத்த படுக்கையாக இருப்பவரை எப்படித் திருப்புவது என்று தெரியும், யாராவது மயங்கி விழுந்தால் பதற மாட்டார்கள். ஆகவே அவர்களை வர முடியாதவர்களிடம் அனுப்புங்கள்: படுக்கையில் இருக்கும் தாத்தா பாட்டி, முதியோர் இல்லம், பண்ணை வேலையாட்கள், டாக்சி ஸ்டாண்ட். இஸ்ரேலில் மாகேன் டேவிட் ஆடோம் ஆம்புலன்ஸ் சேவையின் பாராமெடிக்குகளை முதியோர் இல்லங்களுக்கு அனுப்பியே ஊசி போட்டார்கள். மண்டபத்தில் முகாம் நடந்தால் அங்கே ஒரு குழு போதும், அதுவும் மயங்கினவர்களைப் பார்க்க.

10177-ஐக் காலி பண்ணாதீர்கள்

பெரும் சிக்கல் இதுதான். ஊசிக்கு ஆள் வேண்டும் என்று அலைகிற அதே வாரங்களில்தான் மூச்சுத் திணறுகிறவர்கள் 10177 என்ற அவசர எண்ணில் ஆம்புலன்ஸுக்குக் கூப்பிடுவார்கள். டெல்டா அலை ஏறிக்கொண்டிருந்த 2021 ஜூலையில் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் கலவரமும் சேர்ந்துகொண்டது. மருந்துக்கடைகள் சூறையாடப்பட்டன, ஊசி போடும் இடங்கள் மூடப்பட்டன. 2022 ஏப்ரலில் வெள்ளம் வந்து சாலைகளையும் பாலங்களையும் அடித்துக்கொண்டு போனது. இந்த ஊரில் ஒரு நெருக்கடி தனியாக வராது. அவசர அழைப்புக்கு ஓடுகிற வண்டியையும், அந்த ஷிஃப்டில் இருக்கிற ஆளையும் ஊசிக்கு எடுக்கவே கூடாது என்பதை முதல் விதியாக எழுதி, ஆம்புலன்ஸ் சேவையின் நிர்வாகியிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அப்படியானால் ஆள் எங்கே கிடைக்கும்? ஷிஃப்ட் இல்லாத நாளில் கூடுதல் சம்பளத்துக்கு வரத் தயாராக இருப்பவர்கள், முதுகுவலியாலோ கர்ப்பத்தாலோ ஸ்ட்ரெச்சர் தூக்கக் கூடாது என்று இலகு வேலையில் போடப்பட்டவர்கள், ஓய்வு பெற்றும் பதிவைப் புதுப்பித்து வைத்திருப்பவர்கள். நெட்கேர் 911, ஈஆர்24 மாதிரி தனியார் சேவைகளிடமும் கேட்கலாம். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அவசர மருத்துவம் படிக்கிற கடைசி வருட மாணவர்களை மேற்பார்வையோடு எடுக்கலாமா என்று சுகாதாரத் துறையில் கேட்டுப் பாருங்கள். தூக்க வேண்டாத வேலை என்பதால் முதுகு போன சீனியர்களுக்கு இது நன்றாகவே பொருந்தும், அவர்கள் அனுபவமும் வீணாகாது. கூடுதல் சம்பளத்தை யார், எந்தக் கணக்கிலிருந்து, எந்தத் தேதியில் தருவார்கள் என்பதை முதல் நாளுக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். சேவை மனப்பான்மை என்று பேசி ஓட்டினால் மூன்றாவது வாரம் யாரும் வர மாட்டார்கள், வராததில் தப்பும் இல்லை.

வண்டியும் அப்படித்தான். ஊசி போட ஆம்புலன்ஸ் தேவையே இல்லை. சாதாரண காரோ, மினிபஸ்ஸோ, நோயாளிகளைக் கிளினிக்குக்கு ஏற்றி இறக்குகிற வண்டியோ போதும். உள்ளே குளிர்ப்பெட்டி, ஆக்சிஜன், அம்பு பை (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கிற பை), அட்ரினலின், பிரஷர் பார்க்கும் கருவி இருந்தால் சரி.

யார் போடலாம் என்பது எழுத்தில் இருக்கட்டும்

பாராமெடிக் என்றால் ஊசி போடத் தெரியும், அதில் சந்தேகமில்லை. தெரிவதும் சட்டம் அனுமதிப்பதும் வேறு வேறு. அமெரிக்காவிலேயே 2021 மார்ச்சில் தனியாக ஓர் உத்தரவு போட்டுத்தான் பாராமெடிக்குகளையும் பல் டாக்டர்களையும் கால்நடை டாக்டர்களையும்கூட தேசிய அளவில் கோவிட் ஊசி போட அனுமதித்தார்கள். இங்கே ஒவ்வொருவரும் எச்.பி.சி.எஸ்.ஏ. என்ற மருத்துவப் பணியாளர் பதிவுக் கவுன்சிலில் எந்த நிலையில் பதிவு செய்திருக்கிறார் என்பதைப் பொறுத்து அவர் செய்யக்கூடியது மாறும். பேசிக் நிலையில் இருப்பவருக்கும் நாலு வருடப் பட்டப்படிப்பு முடித்தவருக்கும் ஒரே அதிகாரம் இல்லை. ஆகவே ஒவ்வொரு ஆளின் பதிவு எண், பதிவு நிலை, இந்த ஊசியைப் போட மாகாண சுகாதாரத் துறை கொடுத்த அனுமதி, எந்த டாக்டரின் அல்லது நர்ஸின் பொறுப்பில் போடுகிறார் என்பது, இந்த நான்கும் ஒரு கோப்பில் இருக்க வேண்டும். அனுமதி வராதவரை பதிவு எழுதவும் கண்காணிக்கவும் போடுங்கள், அங்கேயும் ஆள் பஞ்சம்தான்.

பயிற்சியை மருந்து வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். 2021-ல் நடந்ததைப் பாருங்கள்: பிப்ரவரி 1 அன்று ஆஸ்ட்ராஜெனெக்கா 10 லட்சம் டோஸ் வந்து இறங்கியது, பிப்ரவரி 7 அன்று அதை நிறுத்தி வைத்தார்கள், அப்போது இங்கே பரவிய பீட்டா வகைக் கொரோனாவுக்கு எதிராகச் சரியாக வேலை செய்யவில்லை என்று. பிப்ரவரி 17 அன்று ஜான்சன் ஊசியோடு சுகாதார ஊழியர்களுக்கான சிசோன்கே ஆய்வு தொடங்கியது. ஏப்ரல் 13 அன்று அதையும் ரத்தம் உறைந்து அடைக்கும் என்ற பயத்தில் நிறுத்தினார்கள், ஏப்ரல் 28-ல்தான் மறுபடி தொடங்கினார்கள். மே 17 முதல் 60 வயது தாண்டியவர்களுக்கு ஃபைசர். நாலு மாதத்தில் மூன்று மருந்து. எந்த மருந்து வந்தாலும் மாறாத பகுதியை, அதாவது ஊசி போடும் இடம், குளிர், ஒவ்வாமை, பதிவு, இவற்றை முன்பே சொல்லிக்கொடுத்துவிட்டு மருந்தின் அளவையும் கலக்கும் முறையையும் மட்டும் கடைசியில் ஒரு பக்கத் தாளாகக் கொடுங்கள்.

குளிர்ப்பெட்டி

பனிக்கட்டியில் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும் என்று உறைந்த ஐஸ் பேக்கை அப்படியே குப்பிகளோடு ஒட்டி வைப்பார்கள். சூடு கெடுப்பது போலவே உறைவதும் கெடுக்கும். ஐஸ் பேக்கை வெளியே எடுத்து வைத்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டிக்குள் வைக்க வேண்டும், குப்பிக்கும் பேக்குக்கும் நடுவே அட்டை இருக்கட்டும். 2 முதல் 8 டிகிரி. தெர்மாமீட்டர் பெட்டிக்கு உள்ளே, குப்பிகளுக்கு நடுவில் இருக்கட்டும். மணிக்கு ஒரு தடவை பார்த்து எழுதுங்கள். வெயிலில் நிறுத்திய காரின் பின்பக்கத்தில் பெட்டியை விட்டுவிட்டு மாடி ஏறாதீர்கள், டர்பன் ஜனவரி வெயிலில் கார் அடுப்பாகிவிடும்.

லோட்ஷெடிங்கை, அதாவது முறை வைத்து நடக்கும் மின்வெட்டைப் பற்றி நம் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். கோவில் சமையலறை ஃபிரிஜ்ஜில் பிரசாதப் பாலுக்குப் பக்கத்தில் ஊசியை இரவு வைக்கலாம் என்று யாராவது சொன்னால் அன்போடு மறுத்துவிடுங்கள். மாலையில் மிஞ்சிய முழுக் குப்பிகள் ஜெனரேட்டர் உள்ள கிளினிக்குக்கோ மருந்தகத்துக்கோ திரும்பப் போக வேண்டும்.

வீடு வீடாகப் போகும் கணக்கு

இதைத்தான் நன்றாகத் திட்டமிட வேண்டும், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். 2021-ல் வந்த ஊதா மூடி ஃபைசர் குப்பியை 1.8 மி.லி. உப்புத் தண்ணீர் ஊற்றிக் கலந்தால் 0.3 மி.லி. வீதம் 6 பேருக்கு வரும், கலந்த 6 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஆறாவது டோஸ் வர வேண்டுமானால் ஊசிக்குள் மருந்து தங்காத வகை சிரிஞ்ச் வேண்டும், சாதாரண சிரிஞ்சில் அது பெரும்பாலும் வராது. ஜான்சன் குப்பியைக் கலக்க வேண்டாம், 0.5 மி.லி. வீதம் 5 பேர், ஒரே ஊசியோடு வேலை முடிந்தது என்பதால் ஊர் ஊராக நகர்கிறவர்களுக்கு அதுதான் சௌகரியம். பின்னால் வந்த ஃபைசர் குப்பிகளில் மூடியின் நிறமும் கலக்கும் முறையும் மாறின, ஆகவே ஞாபகத்திலிருந்து கலக்காமல் ஒவ்வொரு முறையும் லேபிளைப் படிக்கச் சொல்லுங்கள்.

இதன் அர்த்தம், உங்கள் வீட்டுப் பட்டியல் ஆறின் மடங்காகவோ ஐந்தின் மடங்காகவோ இருக்க வேண்டும். நாலு வீட்டில் நாலு பாட்டிகளுக்கு மட்டும் போட்டுவிட்டுத் திரும்பினால் இரண்டு டோஸ் குப்பையில். ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பாட்டியைக் குளிப்பாட்டுகிற மருமகள், வீட்டு வேலைக்கு வருகிற அம்மா, பக்கத்து வீட்டுக்காரர் என்று போட்டுக்கொள்ள விருப்பமுள்ள ரெண்டு பேரைப் போனில் கேட்டு உபரிப் பட்டியலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பராமரிக்கிறவருக்குப் போட்டால் படுத்திருப்பவருக்கும் அது பாதுகாப்பு. குப்பியை முதல் வீட்டு வாசலில்தான் திறக்க வேண்டும், டிப்போவில் திறந்துவிட்டு என்2 நெடுஞ்சாலை டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு நிற்கக் கூடாது.

ஒரு குழு என்றால் இரண்டு பேர். ஒருவர் போட, ஒருவர் எழுதவும் பார்க்கவும். ஊசி போட்டபின் 15 நிமிடம் வீட்டிலேயே உட்கார வேண்டும், முன்பு எதற்காவது கடுமையான ஒவ்வாமை வந்தவர் என்றால் 30 நிமிடம். இந்த நேரத்தைச் சும்மா கழிக்க வேண்டாம். பிரஷர் பாருங்கள், சர்க்கரை பாருங்கள், காலில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். மாதக்கணக்கில் யாரும் வந்து பார்க்காத வீடுகளில் ஊசியைவிட இதுதான் சில நேரம் உயிரைக் காப்பாற்றும். எதையாவது கண்டுபிடித்தால் ஆர்.கே. கான் ஆஸ்பத்திரிக்கோ பக்கத்துக் கிளினிக்குக்கோ குறிப்பு எழுதிக் கொடுங்கள். ஆக ஒரு வீட்டுக்குப் போக வர, பேச, போட, காத்திருக்க எல்லாம் சேர்த்து அரை மணி நேரத்துக்குக் குறையாது என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். ஒரு நாளைக்கு நூறு வீடு என்று மேலிடத்துக்கு வாக்குக் கொடுக்கிற கமிட்டித் தலைவரை நம்பாதீர்கள்.

முகவரி விஷயத்தில் நம் பகுதிகள் ஒரு தலைவலி. சாட்ஸ்வொர்த்தில் யூனிட் எண் சொல்வார்கள், ரோடு பெயர் சொல்ல மாட்டார்கள்; பாட்டில்பிரஷ் மாதிரி தகர வீடுகள் நிறைந்த இடங்களில் வீட்டு எண்ணே இருக்காது. ஊர் தெரிந்த ஒருவரையும் இசிசூலு (சூலு மொழி) நன்றாகப் பேசுகிற ஒருவரையும் வண்டியில் ஏற்றுங்கள். நம் கோவில் ஏற்பாடு என்பதற்காகத் தமிழ் வீடுகளில் மட்டும் நிறுத்திவிட்டு அடுத்த தெருவைத் தாண்டிப் போனால், தொற்று அப்படிப் பார்த்து வராது என்பது ஒரு பக்கம், பக்கத்தில் இருக்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். அப்புறம், ஆம்புலன்ஸ் குழுக்களையே வழிமறித்துக் கொள்ளையடிக்கிற நாடு இது. பகலில் மட்டும் போங்கள், வண்டி எங்கே இருக்கிறது என்று ஒருவர் போனில் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

ஊசி போடும்போது

தோள் எலும்பு முனையிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, டெல்டாயிட் தசையின் நடுவில், நேராக. மேலே ஏறிப்போய் மூட்டில் குத்தினால் மாதக்கணக்கில் கை தூக்க முடியாமல் போகும். நம் பெண்களின் ரவிக்கைக் கைதான் இதில் எதிரி: இறுக்கமான கையை மேலே சுருட்டினால் தசை பிதுங்கி இடம் தப்பும். தளர்வான கை உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று முந்தின நாள் போனிலேயே சொல்லிவிடுங்கள், மண்டபத்தில் ஒரு திரையும் ஒரு பெண் பாராமெடிக்கும் இருக்கட்டும். பருமனான கைக்கு 25 மி.மீ. ஊசி எட்டாது, 38 மி.மீ. வேண்டும். வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மெல்லிய ஊசி, போட்டபின் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

புரட்டாசி மாதத்தில் வந்தால் இரண்டு கேள்வி நிச்சயம் வரும். விரதத்தில் போடலாமா, அதில் இறைச்சி கலந்திருக்கிறதா? ஃபைசர் ஊசியில் ஜெலட்டினோ முட்டையோ விலங்குப் பொருளோ இல்லை என்று நேராகச் சொல்லலாம். அடுத்த தொற்றின் மருந்துக்கு என்ன பதில் என்பதைத் தாளைப் பார்த்து முன்பே தெரிந்துகொள்ளுங்கள், "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று சமாளிப்பவரை யாரும் நம்புவதில்லை. வெறும் வயிற்றோடு வருகிறவர்கள்தான் அதிகம் மயங்குவார்கள். வாழைப்பழமும் தண்ணீரும் ஊசிக்கு முன்பே கொடுங்கள்.

மயக்கத்தையும் கடுமையான ஒவ்வாமையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது, இதற்காகத்தான் பாராமெடிக்கையே கூப்பிடுகிறோம். பயத்தில் மயங்குகிறவருக்கு முகம் வெளுக்கும், வேர்க்கும், நாடி மெதுவாக ஓடும், படுக்க வைத்தால் தெளிந்துவிடும். ஒவ்வாமை என்றால் நாடி வேகமாக ஓடும், தோலில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சில் விசில் சத்தம், தொண்டை அடைப்பு. அப்போது யோசிக்கவே கூடாது: பெரியவர் என்றால் அட்ரினலின் 0.5 மி.கி. தொடையின் வெளிப்புறத் தசையில், படுக்க வைத்துக் காலை உயர்த்தி (மூச்சு திணறினால் உட்கார்ந்த நிலையில்), ஆக்சிஜன், சரியாகவில்லை என்றால் 5 நிமிடத்தில் இன்னொரு முறை, ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாக வேண்டும். ஒவ்வாமை மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்று நேரம் கடத்தாதீர்கள். பத்து லட்சம் ஃபைசர் ஊசிக்கு ஏறக்குறைய 5 பேருக்குத்தான் இப்படி வருகிறது, ஆனால் அந்த ஒருவர் உங்கள் மண்டபத்தில் இருந்தால் அந்த எண்ணால் என்ன பயன்.

மண்டபத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒருவர் மணிக்கு 20 பேருக்குப் போடுகிறார் என்றால், 15 நிமிடக் காத்திருப்புக்கு அவர் ஒருவருக்கே 5 நாற்காலி எப்போதும் நிரம்பியிருக்கும். கூட வருகிறவர், அரை மணி உட்கார வேண்டியவர் எல்லாம் சேர்த்து 8 போடுங்கள். நாலு பேர் ஊசி போட்டால் 32 நாற்காலி, இடைவெளி விட்டு. பல இடங்களில் ஊசி மேசைகளைத் தாராளமாகப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் இடத்தை வராந்தாவில் வெயிலில் விட்டுவிடுகிறார்கள். நிழலான, குழுவின் கண் படுகிற இடம்தான் காத்திருப்புக்கு.

பதிவு

2021-ல் எல்லாம் இ.வி.டி.எஸ். என்ற அரசு மின்பதிவில் ஏறின. போன் இருந்தால் *134*832# அடித்துப் பெயர் கொடுக்க முடிந்தது, 0800 029 999-க்குக் கூப்பிட முடிந்தது. இளசுகளுக்கு இது சுலபம், போனைப் பேரன் வாங்கி வைத்திருக்கிற பாட்டிக்கு இல்லை. ஐடி புத்தகம் தொலைந்தவர்களையும் ஐடியே இல்லாதவர்களையும் திருப்பி அனுப்பாமல் தாளில் எழுதிக்கொள்ள ஒரு வழியைத் துறையிடம் முன்பே கேட்டு வாங்குங்கள். நெட்வொர்க் போகும், கட்டாயம் போகும். ஆகவே ஒவ்வொரு குழுவிடமும் தாள் படிவம் இருக்கட்டும்: பெயர், ஐடி எண், போன், மருந்தின் பெயர், குப்பியின் தொகுப்பு எண், எந்தக் கை, நேரம், போட்டவர் பெயர். அன்றிரவே ஒருவர் உட்கார்ந்து அதை ஏற்ற வேண்டும், மறுநாளைக்குத் தள்ளினால் ஒரு வாரம் தள்ளிப்போகும். தொகுப்பு எண் ஏன் முக்கியம் என்றால், அந்த வருடம் ஜூனில் கெபெர்ஹா (பழைய போர்ட் எலிசபெத்) ஆலையிலிருந்த ஏறக்குறைய 20 லட்சம் ஜான்சன் டோஸ்களை, அமெரிக்காவிலிருந்து வந்த மூலப்பொருள் மாசுபட்டிருந்ததால் பயன்படுத்த முடியாமல் போனது. அப்படி ஒரு செய்தி வரும்போது யாருக்கு எந்தத் தொகுப்பு போட்டோம் என்று அரை மணி நேரத்தில் சொல்லத் தெரிய வேண்டும்.

பக்கவிளைவு வந்தால் மெட் சேஃப்டி செயலியில் பதிவு செய்யலாம், செயலி இல்லாதவர்களுக்காகக் குழுவே செய்யட்டும். இரண்டாவது டோஸ் தேவைப்படும் மருந்து என்றால் அந்தத் தேதியை அட்டையில் எழுதுவதோடு நிறுத்தாமல், வீட்டில் போன் எடுக்கிற ஒருவரின் எண்ணையும் வாங்கி, அதே பாதையை, முடிந்தால் அதே குழுவை, அந்தத் தேதிக்கு அன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள். முதல் தடவை வந்த முகம் என்றால் கதவு சீக்கிரம் திறக்கும்.